படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகு: வாசகர் கேள்வி பதில்

சமூகப் பிரச்சினைகளைப் பேசும் ஆவணப்படங்களை மக்களிடம் கொண்டுபோவது பற்றிப் போன இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டு இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யாருடைய பெயரையும் போடவில்லை.

குடும்ப வன்முறை பற்றி ஒரு படம் போட்டோம். கூடம் நிறைந்துவிட்டது. பலர் அழுதார்கள், முடிந்ததும் கைதட்டினார்கள், கிளம்பிவிட்டார்கள். ஒரு மாதம் ஆகிறது, எதுவும் நடக்கவில்லை. படத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமா?
(தன்னார்வக் குழு ஒன்றின் பொறுப்பாளர்)

படத்தில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அழுதிருக்கிறார்கள் என்றால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் எந்தப் படம் என்று தேடுவதற்கு முன்பே இரண்டு விஷயங்களை முடிவு செய்திருக்க வேண்டும்: யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்தவர் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும். இரண்டாவது கேள்விக்கு 'விழிப்புணர்வு பெற வேண்டும்' என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணுக்கு அதைப் பற்றி நீங்களும் நானும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடியது வேறு. எங்கே போனால் உதவி கிடைக்கும், யாரிடம் சொன்னால் விஷயம் வெளியே போகாது, குழந்தைகளை என்ன செய்வது, இப்படி. பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: ராத்திரி சத்தம் கேட்டால் நான் போய்க் கதவைத் தட்டலாமா? 'சும்மா தட்டி ஏதாவது ஒன்றைக் கடன் கேளுங்கள், அந்த இடைவெளியே போதும்' என்று அங்கே ஒருவர் சொல்லியிருந்தால், வந்திருந்தவர்கள் எல்லோரும் கையில் ஒரு வேலையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அழுகை வந்தால் மனம் கொஞ்சம் லேசாகிவிடுகிறது, ஏதோ செய்துவிட்டது போல இருக்கிறது, அதுதான் ஆபத்து. அந்த ஈரம் காய்வதற்குள், அதே கூடத்திலேயே, அது போய்ச் சேர ஓர் இடம் வேண்டும்.

அடுத்த முறை இந்த விஷயத்தையே எடுப்பதாக இருந்தால் இன்னும் சிலவற்றைச் செய்யுங்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை அழையுங்கள், ஆனால் மேடையில் ஏற்றாதீர்கள், பின்வரிசையில் சாதாரணமாக உட்காரட்டும். உதவி எண் அச்சிட்ட சீட்டை வாசலில் நின்று எல்லோருக்கும் நீட்டாதீர்கள். கணவரோடு வந்திருக்கிற பெண் அதை எப்படி வாங்குவார்? பெண்கள் கழிப்பறையின் உள்பக்கக் கதவில் ஒட்டி வையுங்கள், கிழித்து எடுத்துக்கொள்கிற மாதிரி, உள்ளங்கையில் மடங்குகிற அளவில். அப்புறம், 'உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா, எழுந்து சொல்லுங்கள்' என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அங்கே எழுந்து சொல்பவர் அன்று இரவு எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆவணப்படத்தால் சட்டமே மாறும் என்றெல்லாம் சொல்வது மிகைதானே? நிஜமாக நடந்திருக்கிறதா?
(கல்லூரி மாணவர்)

நடந்திருக்கிறது. ஆனால் படம் மட்டும் தனியாகச் செய்யவில்லை.

ஷர்மீன் ஒபைத் சினாய் பாகிஸ்தானில் எடுத்த 'எ கேர்ள் இன் தி ரிவர்' என்ற 40 நிமிடப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதலித்துத் திருமணம் செய்துகொண்டாள் என்பதற்காகச் சொந்த அப்பாவே உறவினரோடு சேர்ந்து மகளைச் சுட்டு ஆற்றில் வீசுகிறார், அவள் பிழைத்துவிடுகிறாள். அன்றைக்கு இருந்த சட்டப்படி பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ மன்னித்துவிட்டால் குற்றவாளி வெளியே வந்துவிடலாம், அதனால் ஊரே கூடி அவளை மன்னிக்கச் சொல்லி நெருக்குகிறது. 2016 பிப்ரவரியில் அந்தப் படம் ஆஸ்கர் வாங்குவதற்குச் சில நாள் முன்பு பிரதமர் நவாஸ் ஷெரீப் தன் அலுவலகத்திலேயே அதைத் திரையிட வைத்து, சட்டத்தை மாற்றுவோம் என்று பேசினார். அக்டோபரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இதை மட்டும் சொன்னால் ஒரு படம் சட்டத்தை மாற்றிவிட்டது போலத் தெரியும். ஆனால் அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லிப் பெண்கள் அமைப்புகள் பல வருடமாகப் போராடிக்கொண்டிருந்தன. அந்த வருடம் ஜூலையில் சமூக ஊடகங்களில் பிரபலமாக இருந்த கந்தீல் பலோச்சை அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரே கொன்ற கொடுமையும் நாட்டை உலுக்கியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு போராட்டத்துக்குப் படம் ஒரு முகத்தைக் கொடுத்தது, அதை யாரும் பார்க்காதது போல இருக்க முடியாமல் செய்தது. என்னைக் கேட்டால் அதுவே பெரிய காரியம்.

இன்னொன்று, அமெரிக்க ராணுவத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறையைப் பற்றி 2012-இல் வந்த 'தி இன்விசிபிள் வார்'. அந்த ஏப்ரலில் பாதுகாப்புத் துறை அமைச்சர் லியோன் பனெட்டா அதைப் பார்த்தார். இரண்டே நாளில் ஓர் அறிவிப்பு வந்தது: கடுமையான பாலியல் புகார்களில் மேல் நடவடிக்கை உண்டா இல்லையா என்பதை இனிமேல் அந்தப் பிரிவின் நேரடிக் கமாண்டர் முடிவு செய்யக் கூடாது, அதைவிட உயர்ந்த பதவியில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும் என்று. பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடவில்லை, ஆனால் ஒரு விதி மாறியது. ஆயிரம் பேர் பார்த்தார்களா என்பதைவிட, கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள அந்த ஒருவர் பார்த்தாரா என்பது சில விஷயங்களில் முக்கியமாகிவிடுகிறது. உங்கள் அளவில் அந்த ஒருவர் தலைமையாசிரியராக இருக்கலாம், சுகாதார அலுவலராக இருக்கலாம். கூட்டத்தைச் சேர்க்க அலைவதற்கு முன் அவரை அழைத்துவிட்டீர்களா?

மாணவர்களுக்குப் போதைப்பொருள் பற்றி ஒரு படம் காட்ட வேண்டும். பார்த்ததும் பயந்து நடுங்குகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.
(பள்ளி ஆசிரியை)

உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் பயமுறுத்தும் படம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் இருக்கிறது.

1978-இல் அமெரிக்காவில் 'ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்' என்று ஒரு ஆவணப்படம் வந்தது. தப்பான வழியில் போகும் பதின்வயதுப் பிள்ளைகளை நியூஜெர்சியில் ஒரு சிறைக்குக் கூட்டிப்போய், நீண்ட தண்டனை அனுபவிக்கும் கைதிகள் முகத்துக்கு நேரே கத்தி, மிரட்டி, சிறை வாழ்க்கை எப்படி இருக்கும் என்று காட்டுவார்கள். பார்க்கிற நமக்கே உடம்பு நடுங்கும். பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று படம் சொன்னது, ஆஸ்கர் விருதும் கிடைத்தது, அதைப் பார்த்துப் பல மாநிலங்கள் இதே திட்டத்தை ஆரம்பித்தன. பிறகு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட திட்டங்களில் கலந்துகொண்ட பிள்ளைகளையும் கலந்துகொள்ளாத பிள்ளைகளையும் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போய் வந்தவர்கள்தான் பிற்பாடு அதிகமாகக் குற்றத்தில் மாட்டியிருந்தார்கள். நல்ல மனதோடு செய்த வேலை, விருது வாங்கிய படம், அது தூண்டிவிட்ட திட்டம் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே, 'எந்தப் படமாக இருந்தாலும் காட்டினால் நல்லதுதானே' என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

'இப்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் செய்கிறார்கள்' என்று அங்கலாய்க்கும் படங்களும் அப்படித்தான். ஏன் என்பதை ஒரு சோதனை காட்டுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன பழங்கால மரத்துண்டுகள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய்விடுவது அங்கே பெரிய பிரச்சினை. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரின் குழு பாதைகளில் வெவ்வேறு அறிவிப்புப் பலகைகளை வைத்துப் பார்த்தது. 'இதற்கு முன் வந்த பலர் எடுத்துப் போயிருக்கிறார்கள், பூங்கா பாழாகிறது' என்று வருந்திய பலகை இருந்த இடத்தில், அடையாளமிட்டு வைத்திருந்த துண்டுகளில் கிட்டத்தட்ட 8 சதவீதம் காணாமல் போனது. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் கேட்ட இடத்தில் 2 சதவீதம்கூடப் போகவில்லை. எல்லோரும் செய்கிறார்கள் என்று வருத்தமாகச் சொன்னாலும் கேட்பவர் காதில் 'எல்லோரும் செய்கிறார்கள்' என்பதுதான் விழுகிறது. பதினான்கு வயதில் அது இன்னும் பலமாக விழும்.

போதையிலிருந்து மீண்டு வந்த ஒருவர், அந்த முதல் நாளில் நண்பனிடம் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாமல் நின்றதை நிதானமாகப் பேசுகிற படம் கிடைத்தால் அதைக் காட்டுங்கள். பிறகு அந்த 'வேண்டாம்' என்பதை எப்படியெல்லாம் சொல்லலாம் என்று பிள்ளைகளையே நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தற்கொலையைத் தொடும் படம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். திரைப்படக் கலைஞர்களுக்காகவே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எந்த முறையில் நடந்தது என்பதைக் காட்டக் கூடாது, நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களைக் காட்ட வேண்டும், உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நீளமான படம் காட்டலாம்?

20 முதல் 40 நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்றால் படம் பாதி நேரத்தைக்கூட எடுக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரப் படம்தான் பிடித்திருக்கிறது என்றால் இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள். அதிலிருந்து ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் போட வேண்டும் என்றால் எடுத்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படம் முடிந்ததும் 'கருத்துச் சொல்லுங்கள்' என்கிறோம். ஒரே அமைதி. அல்லது எப்போதும் பேசுகிற அதே மூன்று பேர் மைக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். என்னதான் செய்வது?
(நூலகர்)

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

முதலில், படம் முடிந்த அடுத்த நொடியே எல்லா விளக்கையும் பளிச்சென்று போட்டு, மைக்கில் நன்றி சொல்ல ஆரம்பிக்காதீர்கள். ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு மைக்கே வேண்டாம், பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். நூறு பேர் முன்னால் வாய் திறக்காதவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தாராளமாகப் பேசுவார், அப்படி ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதைக் கூட்டத்தில் மறுபடி சொல்வதும் சுலபம். 'என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்பது பரீட்சைக் கேள்வி, அதைக் கேட்டதும் எல்லோரும் சரியான பதிலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். 'எந்தக் காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது?' என்று கேளுங்கள். இதற்குத் தப்பான பதிலே கிடையாது.

பெண்பிள்ளைகள் பாதியில் படிப்பை நிறுத்துவது பற்றிய ஒரு படத்துக்குப் பிறகு நடந்த பேச்சில் நான் இருந்தேன். ஆரம்பத்தில் எல்லோரும் கல்வி முக்கியம், பெற்றோர் மனம் மாற வேண்டும் என்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்தக் காட்சி என்று கேட்டதும், அதுவரை பேசாமல் சுவரோரம் நின்றிருந்த ஒருவர், 'அந்த அப்பா சைக்கிளைத் துடைச்சு வைக்கிறாரே, அதுதான்' என்றார். மகள் இனி ஓட்டப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் அந்த அப்பா சைக்கிளைத் துடைக்கிற காட்சி, சில நொடிதான் வரும், பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஏன் அது என்று யாரோ கேட்க, அவர் கொஞ்ச நேரம் கழித்து, தன் மகளும் நின்றுவிட்டாள், படிக்க வைக்க ஆசை இல்லாமல் இல்லை, சாயங்கால வகுப்பு முடிந்து வரும் வழியில் ஒரு விளக்கு கிடையாது, அதனால்தான் என்றார். உடனே இன்னொரு அம்மா, எங்களுக்கும் அதே வழிதான் என்றார். மனம் மாற வேண்டும் என்று ஆரம்பித்த பேச்சு, எந்தத் திருப்பத்திலிருந்து எந்தத் திருப்பம் வரை இருட்டு, யாரிடம் மனுக் கொடுப்பது, வகுப்பு நேரத்தை அரை மணி முன்னால் தள்ளப் பள்ளியிடம் கேட்கலாமா என்று போய்விட்டது. எந்த நிபுணரை மேடையில் உட்காரவைத்திருந்தாலும் அந்த இருட்டு வழி வெளியே வந்திருக்காது.

அதனால் நிபுணரைக் கூப்பிட்டால் கடைசியில் பேச வையுங்கள், மக்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். அந்த மூன்று பேரை என்ன செய்வது என்று கேட்டீர்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: மற்றவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளும் வேலை. பெரும்பாலும் நன்றாகவே செய்வார்கள்.

நல்ல படமெல்லாம் வேறு மொழியில் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் சப்டைட்டில் படிக்க முடியாதவர்கள் அதிகம்.

வசதி இருந்தால் டப்பிங். இல்லையென்றால் ஒருவர் ஓரமாக மைக்கோடு உட்கார்ந்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, பேச்சை அப்போதைக்கப்போது சொல்லிக்கொண்டே வரலாம். முன்னாலேயே இரண்டு முறை படத்தோடு சொல்லிப் பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். படம் சுமாராகத் தெரிந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் புரொஜெக்டரைவிட ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள். ஒருநாள் முன்பே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

என்னிடம் ஓடிடி சந்தா இருக்கிறது. அதிலேயே எடுத்துப் போட்டுவிடலாமா? நாங்கள் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை.

கட்டணம் வாங்கவில்லை என்பதால் மட்டும் சரியாகிவிடாது. சந்தா பொதுவாக வீட்டில் பார்ப்பதற்குத்தான், பொது இடத்தில் திரையிட அனுமதி தனி. நெட்ஃப்ளிக்ஸ் தன்னுடைய சில ஆவணப்படங்களுக்குக் கல்விக்காக, லாபமில்லாமல், ஒருமுறை திரையிட அனுமதி தருகிறது. எந்தப் படத்துக்கு உண்டு என்று அந்தத் தளத்தில் படத்தின் பக்கத்திலேயே போட்டிருக்கும், நிதி திரட்டும் கூட்டத்தில் போடக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள். மற்ற படங்களுக்கு இயக்குநருக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். தயங்காதீர்கள். ஆவணப்படம் எடுப்பவர்களில் பலர் அதை மக்கள் பார்க்க வேண்டும் என்றே எடுத்தவர்கள், சிறிய குழு என்று தெரிந்தால் இலவசமாகவே தருவார்கள், சிலர் பேசவும் வருவார்கள்.

யாரோ எடுத்த படத்தை ஏன் காட்ட வேண்டும்? எங்கள் பிரச்சினையை நாங்களே செல்போனில் எடுத்தால் என்ன?
(இளைஞர் குழு)

தாராளமாக எடுங்கள். உங்களுக்கு முன்னோடிகளும் உண்டு. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் ஃபோகோ என்று ஒரு தீவு. மீன்பிடித் தொழில் நொடித்துப்போய், மக்களை வேறு இடத்துக்குக் குடிபெயர்த்துவிடலாம் என்று அரசு யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1967-இல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து காலின் லோ என்ற இயக்குநர் அங்கே போனார். நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவும் (ஊர் மக்களோடு சேர்ந்து வேலை செய்யும் பிரிவு) கூடவே நின்றது. தீவைப் பற்றி ஒரே பெரிய படமாக எடுக்காமல், ஒரு மீனவரின் பேச்சு, ஒரு கூட்டம், ஒரு குடும்பம் என்று 20-க்கும் மேற்பட்ட குறும்படங்களாக எடுத்து, அவற்றைத் தீவின் ஊர்களிலேயே போட்டுக் காட்டினார்கள். பேசியவர்கள் முதலில் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வெளியே காட்டினார்கள். பக்கத்து ஊரோடு அதிகம் பழகாதவர்கள், அங்கே இருப்பவரும் தன்னைப் போலவே புலம்புவதைத் திரையில் பார்த்தார்கள். அப்புறம் படங்கள் அரசாங்கத்திடம் போயின, மீன்வளத் துறை அமைச்சர் சொன்ன பதிலையும் படமாக எடுத்துத் தீவுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். தீவுக்காரர்கள் வெளியேறவில்லை, சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து மீன்பிடித் தொழிலை எடுத்து நடத்தினார்கள். படம் இல்லாவிட்டால் சங்கம் வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஊர்கள் ஒன்றையொன்று கேட்க அது வழி செய்தது.

பேசியவருக்கு முதலில் காட்டுவது என்ற அந்த ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேமரா முன்னால் 'சரி' என்று சொன்னதோடு சம்மதம் முடிந்துவிடாது. எடிட் செய்த பிறகு அவரைத் தனியாக உட்காரவைத்துக் காட்டுங்கள், நடுவில் எந்த வரியில் அவர் முகம் மாறுகிறது என்று பாருங்கள், எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் சரி. முகத்தை மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். குரல், பள்ளிச் சீருடை, வீட்டுச் சுவரின் நிறம், இவற்றில் ஒன்று போதும் பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடிக்க. குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் சம்மதித்தாலும், பத்து வருடம் கழித்து இந்தப் பிள்ளை வேலைக்குப் போன இடத்தில் யாராவது இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஒருமுறை யோசித்துவிடுங்கள். கூட்டத்தில் காட்டச் சம்மதித்தவர் இணையத்தில் போடவும் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தமில்லை, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

நிதி கொடுத்தவர்கள் 'எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன தாக்கம்' என்று அறிக்கை கேட்கிறார்கள். என்னவென்று எழுதுவது?

தலையை எண்ணிப் போடுங்கள், அது சுலபம், ஆனால் அதில் ஒன்றும் தெரியாது. படத்துக்கு முன் ஒரே ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், முடிந்ததும் அதே கேள்வி, மூன்று மாதம் கழித்து முடிந்தவரைக்கும் அதே ஆட்களிடம் அதே கேள்வி. படம் முடிந்த சூட்டில் எழுதுகிற பதிலை நம்பி அறிக்கை எழுதாதீர்கள், எல்லோரும் நல்லதாகத்தான் எழுதுவார்கள். நடந்ததையும் குறித்துவையுங்கள்: அடுத்த கூட்டத்துக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், மனு போனதா, பதில் வந்ததா, ஆலோசகரை யாராவது தேடிப் போனார்களா (எண்ணிக்கை மட்டும், யார் என்பது வேண்டாம்). ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள், எங்கே நின்றுபோனது என்பதோடு சேர்த்து. அது தெரிந்தால்தான் அடுத்த திரையிடலை எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று உங்களுக்கே தெரியும்.